நாலாம் நம்பர் சுவர்

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு நோட்டு கிடைத்தது. நீல அட்டை, உள்ளே கோடு போட்ட தாள், முதல் பக்கத்தில் என் பெயர்: சே. தங்கபுஷ்பம். வீடு கட்டித்தரும் அமைப்பிலிருந்து ஆறு குடும்பத்துக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அன்றன்று என்ன வேலை செய்தோம், எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் அமைப்பின் தொண்டர் ஜவகர் சார் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். "ரெண்டு வரி போதும்மா" என்றார். பத்தாம் வகுப்பில் தமிழில் எண்பத்தொன்பது வாங்கியவளிடம் இரண்டு வரி போதும் என்கிறார். உப்பளத்தில் இந்த இருபது வருஷத்தில் என்னை யாரும் ஓர் எழுத்து எழுதச் சொன்னதில்லை. இந்த நோட்டை நான் லேசில் விடப்போவதில்லை.

விஷயம் இதுதான். தூத்துக்குடிக்குத் தெற்கே, முள்ளக்காட்டைத் தாண்டி ஆறு மனை, ஆறு வீடு. ஆறும் ஒரே அளவு. ஹால், ஓர் அறை, சமையலறை, குளியலறை. சிமெண்டு, கம்பி, மேஸ்திரி எல்லாம் அமைப்பு தரும். சனி, ஞாயிறில் தொண்டர்கள் வந்து கை கொடுப்பார்கள். மற்ற உழைப்பெல்லாம் எங்களுடையது. ஒவ்வொரு குடும்பமும் நானூறு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஆனால் எது யார் வீடு என்பது கடைசி நாள் வரை யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். நம் வீடு இதுதான் என்று தெரிந்தால் அதை மட்டும் இழைத்து இழைத்துக் கட்டுவோமாம். யார் யோசித்தாரோ, மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர்.

"எந்தச் செங்கலத் தூக்குனாலும் நம்ம செங்கலா இருக்கும்னு நெனச்சுத் தூக்கணும்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"இல்லாமயும் இருக்கும்லா" என்றார்.

அவர் பெயர் சேர்மராஜ். வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் தப்பில்லை. உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறார். நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வருவதற்குப் பதினாறு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

இப்போது குடியிருக்கும் அறையை மே மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் ஓனர். கடை கட்டப் போகிறாராம். மகள் சிந்துஜாவுக்குப் பதினைந்து வயது. அவள் கேட்பதெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை, அவ்வளவுதான். அதனால் இந்த வீடு எங்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

கடைசி விதி: வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். அதை வாசித்தபோது எங்கள் தெருச் செல்லக்கனி என்னைப் பார்த்தாள். எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்?

பிப்ரவரி 8, புதன்

செங்கல் சுமந்தேன். மூன்று மணி. உப்புக் கூடை சுமந்த தலைக்குச் செங்கல் ஒரு பொருட்டா என்று நினைத்தேன். பொருட்டுதான். உப்புக்கு மூலை கிடையாது.

பிப்ரவரி 12, ஞாயிறு

மேஸ்திரி பெயர் நாச்சிமுத்து. கரூர்ப் பக்கம். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம், அவ்வளவு மரியாதை. கரண்டி கை தவறி விழுந்தால்கூட "விழுந்துருச்சுங்க" என்கிறார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

இன்று வரிசையாக நின்று செங்கல் கைமாற்றினோம். மேஸ்திரி ஊர் வரலாறு தெரியாமல் என்னையும் செல்லக்கனியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது. எட்டு நாளைக்கொரு முறை நல்ல தண்ணீர் லாரி வரும் தெரு எங்களுடையது. அப்படி லாரி வந்த ஒரு நாள் வரிசையில் அவள் தன் குடத்தை என் குடத்துக்கு முன்னால் வைத்தாள். நான் அதை மிதித்து நசுக்கினேன் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் மிதிக்கவில்லை, நகர்த்தினேன். காலால் நகர்த்தினேன்.

ஜவகர் சார்தான் காப்பாற்றினார். பாளையங்கோட்டையில் பாங்கு ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். தொப்பி போட்டுக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். ஒவ்வொரு செங்கல் வாங்கும்போதும் "தேங்க்ஸ்" என்றார். இருநூறு செங்கலுக்கு இருநூறு தேங்க்ஸ்.

"சார், அந்தம்மாவ கொஞ்சம் மெதுவாக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் செல்லக்கனி.

"சார், அந்தம்மாவ கொஞ்சம் வேகமா வாங்கச் சொல்லுங்க" என்றேன் நான்.

பாவம், இரண்டையும் அப்படியே திருப்பிச் சொன்னார். ஐந்து மணி நேரம்.

பிப்ரவரி 19, ஞாயிறு

நாலாம் நம்பர் வீட்டுச் சுவர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, செவுரு கட்டுனா மட்டும் பத்தாதுங்க. தெனமும் தண்ணி காட்டோணும். காஞ்சு போச்சுன்னா சிமெண்டு புடிக்காதுங்க. இந்த நாலாம் நம்பரு உங்க பொறுப்புங்க. கொழந்தையாட்டம் பாத்துக்கோங்க."

"புள்ள வளத்தவளுக்குச் சொவர் வளக்கத் தெரியாதா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே மூன்றாம் நம்பருக்குப் போய்விட்டார். அஞ்சாம் நம்பருக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு செல்லக்கனிக்கு. பார்க்கலாம், எந்தச் சுவர் நன்றாக வருகிறதென்று.

பிப்ரவரி 21, செவ்வாய்

காலையில் உப்பளம். மூன்று மணிக்குச் சுவர். இரண்டு மணி நேரம்.

இங்கே இரண்டு தண்ணீர் உண்டு. கறுப்பு டேங்கில் லாரி கொண்டுவந்து ஊற்றும் நல்ல தண்ணீர். மனைக்குப் பின்னால் கருவேல முள்ளுக்காட்டு ஓரத்தில் போர் பம்புத் தண்ணீர், வாயில் வைத்தால் கடல். கை கால் கழுவ, சட்டி கழுவ அதுதான். நேற்று நல்ல தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். ஊற்ற மனசே வரவில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீரில் நாங்கள் மூன்று பேரும் ஒரு நாளை ஓட்டிவிடுவோம். அதைப் போய்ச் சுவரில் ஊற்றுவதா? சுவருக்கு நாக்கா இருக்கிறது, கரிக்கிறது என்று சொல்வதற்கு?

வாளியைத் திரும்ப டேங்கில் கவிழ்த்துவிட்டுப் போரில் அடித்துக் கொண்டுவந்து ஊற்றினேன். இரண்டு நாளில் முப்பது வாளி நல்ல தண்ணீர் மிச்சம். ஒரு சொட்டு வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தப் பக்கம் செல்லக்கனி டேங்கில் குழாயை மாட்டி அஞ்சாம் நம்பரைக் குளிப்பாட்டுகிறாள். அவள் அப்பா வெட்டிய குளம் பாருங்கள்.

பிப்ரவரி 25, சனி

ஜவகர் சார் என் நோட்டை முழுக்கப் படித்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக் போட்டு, பக்கத்தில் "மிக நன்று! தண்ணீர்ச் சிக்கனம். எல்லோரும் பின்பற்றலாம்" என்று எழுதினார்.

பக்கத்தை விரித்து எல்லாருக்கும் காட்டினேன். செல்லக்கனி இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் அதிக நேரம் காட்டினேன்.

மார்ச் 5, ஞாயிறு

போன ஞாயிறு சுவர்மேல் கம்பி கட்டிக் கான்கிரீட் பட்டி போட்டார்கள். அதற்கும் நான்தான் தண்ணீர் விட்டேன். இன்றோடு முடிந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லை, காய்ச்சல் வந்த அன்றும் போனேன்.

நாலாம் நம்பருக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. சீட்டில் அது விழுந்தால் அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொள்கிறார்கள். "எவ வீட்டுக்கோ இப்பிடி உருகுதியே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலில் பெருமை இருந்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

மார்ச் 9, வியாழன்

நாலாம் நம்பர் பின்சுவரைத் துடைத்தேன். ஒரு மணி.

மார்ச் 10, வெள்ளி

சுவரைத் துடைத்தேன். தூசி. ஒன்றரை மணி.

மார்ச் 11, சனி

ஜவகர் சார் நோட்டைக் கேட்டார். வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். நோட்டு என் பைக்குள்தான் இருந்தது.

உப்பளக் காற்று இந்தப் பக்கமாக அடிக்கிறது. அதில் வரும் தூசி வெள்ளையாகத்தான் இருக்கும். வேறு ஒன்றுமில்லை. துடைத்தேன். இரண்டு மணி.

மார்ச் 14, செவ்வாய்

இருபது வருஷம் உப்பு வாரியவளுக்கு உப்பு எதுவென்று தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற, முதலில் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு படலம் கட்டும். பிறகு ஓரங்களில் பூக்கும். அதேதான். பின்சுவரில், அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை பூத்திருக்கிறது. துணியால் துடைத்தால் போகிறது. மறுநாள் வெயில் ஏறியதும் திரும்ப வருகிறது. பின்சுவர் முள்ளுக்காட்டைப் பார்த்து இருப்பதால் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. மேஸ்திரியும் முதல் மூன்று வீட்டுக் கூரை வேலையில் இருக்கிறார்.

டீ குடிக்கும்போது மேஸ்திரியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "உப்புத் தண்ணி பட்டா சொவருக்கு என்ன ஆகும் மேஸ்திரி?"

"ஏனுங்கக்கா, உப்புத் தண்ணிய யாராச்சும் செவுத்துல ஊத்துவாங்களா?" என்று சிரித்தார். "செங்கலு பொரிஞ்சு பொரிஞ்சு உதுந்துருமுங்க. கம்பி துருப் புடிச்சா கான்கிரீட்டே வெடிச்சுப் போயிரும். நாலு மழை தாங்கும், அஞ்சாவது மழைக்கு மேல கெடக்கறது கீழ வந்துருமுங்க."

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஊரில் தண்ணீர் என்றால் ஒரே தண்ணீர்தான். எது ஊற்றலாம், எது ஊற்றக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "இருவத்தேழாந் தேதி பூச்சு வேல ஆரம்பிக்காவ. அதுவரைக்கும் தொடச்சுக்கோ. பூசிட்டா யாருக்குட்டித் தெரியும்?" என்றார். "சொன்னியன்னா பேர எடுத்துருவாவ. மே மாசம் எங்க போயி நிக்க?"

காலையில் துடைப்பதற்குத் துணியை அலசிக் கொடியில் போட்டேன்.

மார்ச் 18, சனி

நோட்டில் டீ கொட்டிவிட்டது, காய வைத்திருக்கிறேன் என்று ஜவகர் சாரிடம் சொன்னேன். "அடடா, அவ்வளவு அழகான கையெழுத்தாச்சே" என்று வருத்தப்பட்டார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

துடைத்தேன்.

மார்ச் 22, புதன்

மத்தியானம் மணல் குவியல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்லக்கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜவகர் சார் நடுவில் இல்லை, யாரும் இல்லை. தன் தூக்குச்சட்டியைத் திறந்து, பொரித்த கருவாடு இரண்டு துண்டு எடுத்து என் சோற்றில் வைத்தாள்.

"அன்னைக்கு கொடத்த நான்தான் முன்ன வச்சேன்" என்றாள்.

"நானும் மிதிச்சேன்" என்றேன்.

"அது ஊருக்கே தெரியுமே" என்றாள். பிறகு நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு நாலு விழணும்னு முருகனுக்கு நேந்திருக்கேன். எங்க அத்தைக்கு ஈளை. ராவெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடக்காவ. இப்ப இருக்கிற வீட்டுச் சொவர் பொடிப்பொடியா உதுந்து அவிய மூச்சுலதான் போவுது. நீ பாத்த சொவருலா இது? உதிராது. ஒங்கூட எனக்குப் பேச்சு இல்லன்னாலும் ஒன் வேலயில நான் கொறை சொல்ல முடியாது."

கருவாட்டில் முள் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். இன்று துடைக்கவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றேன், அவ்வளவுதான். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மார்ச் 25, சனி

வியாழனும் வெள்ளியும் தைரியம் வரவில்லை, பழையபடி துடைத்தேன். இன்று மத்தியானமும் துடைத்துவிட்டு, அந்தக் கையோடு நோட்டை எடுத்துப் போய் ஜவகர் சாரிடம் கொடுத்தேன். "டீ கொட்டலை சார். எல்லாத்தையும் படிச்சிருங்க" என்றேன்.

மரத்தடியில் நின்றுகொண்டே படித்தார். தன் சிவப்பு டிக் இருந்த பக்கத்துக்குத் திரும்பிப் போய், தொப்பியைக் கழற்றினார்.

"இந்த டிக் நான் போட்டதும்மா" என்றார். முப்பத்தாறு வருஷம் பாங்கில் இருந்தாராம், பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லையாம். அவரை நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது. நாளைக்கு எல்லாரையும் கூட்டிப் பேசுவோம் என்றிருக்கிறார்.

சிந்துஜாவிடம் சொன்னேன். "வீடு போயிருமாம்மா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "சரி, சொல்லிட்டேல்லா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனாள். அவளுக்காவது என்மேல் கோபம் வந்திருக்கலாம்.

மார்ச் 26, ஞாயிறு

நாலாம் நம்பருக்குப் பின்னால் ஆறு குடும்பமும் நின்றோம். இன்று துடைக்கவில்லை. அதனால் சுவரின் அடிப்பாகம் முழுக்க வெள்ளையாகப் பூத்து எல்லாரும் பார்க்கும்படி நின்றது.

ஜவகர் சார் விதியை வாசித்தார். "வேண்டுமென்றே" என்ற இடத்தில் நிறுத்தி, "இவங்க வேணும்னு ஊத்தலை. நானே அதைப் பாராட்டி எழுதியிருக்கேன்" என்றார்.

அப்படியே விட்டிருந்தால் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஆனாலும் முன்னால் போனேன்.

"ஊத்துனது தெரியாம சார். தொடச்சது தெரிஞ்சுதான். ஒரே ஒரு நாள் தவிர பதினாறு நாளு தொடச்சிருக்கேன். பேர எடுக்கணும்னா எடுங்க. இல்லேன்னா நாலாம் நம்பரச் சீட்டுல போடாம எனக்கே குடுத்துருங்க. இடிக்க வேண்டாம். விழுந்தா எங்க தலையிலயே விழட்டும்."

நாச்சிமுத்து மேஸ்திரிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. இன்று வந்தது. கோபத்திலும் "ங்க" போகவில்லை.

"அதெப்புடிங்க விழுகும்? நாங் கட்டுன வூடு யாரு தலையிலயும் விழுகக் கூடாதுங்க. ஆறும் ஒண்ணாட்டம் இருந்தாத்தானுங்க சீட்டு. ஒண்ண மட்டும் இது நொள்ளைன்னு ஒதுக்கிக் குடுத்தா, அப்பறம் எதுக்குங்க சீட்டு, எதுக்குங்க குலுக்கல்? அடித்தளம் நல்லா இருக்குதுங்க. அதுக்கு மேல இடிச்சுக் கட்டறமுங்க. ஒரு வார்த்தை சொல்லாதது என்ற தப்புங்க. எங்கூரு பூராவும் காவேரித் தண்ணி. எனக்குத் தோணவே இல்லீங்க."

வீடு சரி. பெயர்? எல்லாரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். அவள்தானே என் பழைய எதிரி. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புதன்கெழம எங்கிட்ட சொல்லியிருக்கலாம், சொல்லல. அதுக்கு தண்டன வேணும்" என்றாள். "பேர எடுக்க வேண்டாம். புதுச் சொவருக்கும் இவதான் தண்ணி ஊத்தணும். நல்ல தண்ணி. பைப்பு கூடாது, கொடத்துல எடுத்து ஊத்தணும். ஒரு சொட்டு மிச்சம் புடிக்கக் கூடாது. நான் நின்னு பாப்பேன்."

முதலில் சிரித்தது மேஸ்திரி. பிறகு எல்லாரும். சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார் ஜவகர் சார். எல்லாக் கையும் மேலே போனது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

இடித்தோம். கட்டுவதைவிட இடிக்கத்தான் ஆள் அதிகம் வருகிறார்கள் என்பது இன்று தெரிந்தது. நானூறு மணி நேரத்தை முடித்துவிட்ட குடும்பங்கள்கூட வந்தன. ஜவகர் சார் சம்மட்டியை வாங்கி ஓங்கினார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தொப்பிதான் விழுந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். ஏழு மணி நேரம்.

டேங்கில் பெரிய எழுத்தில் "சுவருக்கு இந்தத் தண்ணீர் மட்டும்" என்று எழுதிவிட்டார் மேஸ்திரி. எழுதும்போது என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

ஏப்ரல் 9, ஞாயிறு

சுவர் திரும்ப எழும்புகிறது. இந்த முறை ஆளுக்கு ஆள் மேஸ்திரிதான். ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கலவைத் தண்ணீரை ஒருவர் வாயில் ஊற்றிப் பார்க்கிறார். "இப்புடிப் பாத்தா நான் எப்பங்க ஊருக்குப் போறது?" என்கிறார் நாச்சிமுத்து. ஆனால் முகம் மலர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 13, வியாழன்

இன்று நாற்பது குடம். தண்டனை என்றால் இதுதான் தண்டனை. ஒவ்வொரு குடம் சாய்க்கும்போதும் வயிறு எரிகிறது. மணல் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு செல்லக்கனி அதிகாரம் பண்ணுகிறாள். "அந்த மூலை காஞ்சு கெடக்கு பாரு, ஊத்து. என்னட்டி, ஒங்க அப்பன் வீட்டுத் தண்ணியா? ஊத்து."

சுவரில் வழிந்து கீழே சொட்டுகிற தண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு போணிப் பாத்திரத்தை அடியில் வைத்தேன். பார்த்துவிட்டாள். எழுந்து வந்து போணியை எடுத்து, அதில் இருந்த தண்ணீரையும் சுவரில் ஊற்றினாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். மழைக்கு முன் வீடு மாறிவிட்டால் போதும் என்றாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

நாலாம் நம்பருக்குக் கூரை போட்டாயிற்று. பின்சுவரைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். செங்கல் நிறத்திலேயே இருக்கிறது. அதைவிட அழகான நிறம் உலகத்தில் கிடையாது.

மே 14, ஞாயிறு

சீட்டு.

ஓர் எவர்சில்வர் குடத்தில் ஆறு சீட்டு போட்டார்கள். ஆறு வீடும் ஒரே வெள்ளை அடித்து, ஒரே பச்சைக் கதவோடு வரிசையாக நின்றன. முதலில் எடுத்த குடும்பத்துக்கு ஆறு. அடுத்து செல்லக்கனி. கண்ணை மூடி, முருகா என்று சொல்லி எடுத்தாள். இரண்டு. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அத்தையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி தட்டினார்கள்.

எங்களுக்கு சிந்துஜா எடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

நாலு.

யாரும் கை தட்டவில்லை. ஜவகர் சார் தரையைப் பார்த்தார். கடவுள் பார்த்துக் கொடுத்த கூலி என்று அத்தனை பேரும் நினைப்பது எனக்குக் கேட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. "நம்ம வீடும்மா" என்றாள் சிந்துஜா. ஆமாம், எங்கள் வீடு. எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாவி வாங்கப் போகும்போது செல்லக்கனி குறுக்கே வந்தாள். "ஏட்டி, மாத்திக்கிடுவோம். நீ ரெண்ட எடுத்துக்கோ, எனக்கு நாலக் குடு."

எனக்குச் சுருக்கென்றது. "எம்மேல யாரும் பாவம் பாக்க வேண்டாம்" என்றேன்.

"பாவமா? ஒம்மேலயா?" என்று குரலை உயர்த்தினாள். "மத்த அஞ்சு வீட்டயும் எவன் நின்னு பாத்தான்? கட்டுனோம், போனோம். இந்த ஒண்ணத்தான் ஆறு குடும்பமும் செங்கல் செங்கலாத் தட்டிப் பாத்துக் கட்டியிருக்கு. பத்து நாளு நாப்பது நாப்பது கொடமா நல்ல தண்ணி குடிச்ச சொவரு இந்தத் தூத்துக்குடியில வேற எங்க இருக்கு? நான் ஒத்தக்கால்ல நின்னு பாத்த சொவருட்டி அது. மரியாதையாக் குடு."

"உக்காந்துதான பாத்த" என்றேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் உண்மையிலேயே கேட்கிறாள் என்று. கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர், மாற்றுவதாக இருந்தால் நாங்களும் கேட்போம் என்றார்கள். இவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "குடுத்துராதட்டி. ஆறுலயும் நல்ல வீடு நம்ம வீடுதான்" என்றார். பதினாறு வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை, அதுவும் ஊர் கேட்க.

"தரமாட்டேன். சீட்டுன்னா சீட்டுதான்" என்றேன் சத்தமாக.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை முள்ளக்காடு வரைக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. ஜவகர் சார் பழையபடி எங்கள் நடுவில் வந்து நின்று, ஆளுக்கொரு தடவை ப்ளீஸ் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"இனி ஒன் வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு செல்லக்கனி அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இரண்டாம் நம்பருக்குப் போனாள்.

மிதிப்பாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சுகிறோம். முதல் தம்ளர் அவளுக்கு, இரண்டாவது அவள் அத்தைக்கு. வீடு மட்டும் கிடையாது.